களிப் பானையில் எந்தத் தண்ணீர்? தருமபுரி சுகாதார அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட சுகாதார அலுவலர்களுக்கு,

வணக்கம். நிலத்தடி நீரில் மிகுந்திருக்கும் புளோரைடு உப்பால் பற்களில் கறை படிவது, எலும்புகள் கெடுவது போன்ற பாதிப்பைக் குறைக்க அடுத்த ஆண்டுத் திட்டம் தீட்டும்போது, ‘பொதுமக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று மட்டும் நோக்கம் எழுதிவிடாதீர்கள். யாரிடம், எது, எவ்வளவு, எப்போதைக்குள் மாற வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை. முகாம்களையும் துண்டறிக்கைகளையும் எண்ணிக் காட்டினாலே அது நிறைவேறிவிடும். பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ஓர் அடுப்படியிலும் எதுவும் மாறியிருக்காது.

புளோரைடு பாதிப்பைத் தணிக்கவென்றே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனாலும் குடிக்கக் காவிரித் தண்ணீர், சமைக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்று பிரித்துப் புழங்கும் வீடுகள் உண்டு. சோறு என்றால் வடிக்கிற கஞ்சியோடு கொஞ்சமாவது போகும். ராகிக் களியில் ஊற்றியது அத்தனையும் உள்ளேயே நிற்கிறது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் சுண்டச் சுண்டப் புளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

ஆகவே நோக்கத்தை இப்படி எழுதலாமே: கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்புக்கு மேல் புளோரைடு உள்ள குடியிருப்புகளில், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளில், சமையலுக்கும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரையே பயன்படுத்துவோர் இன்று நூற்றுக்கு எத்தனை பேர். அடுத்த மார்ச்சுக்குள் எத்தனை பேராக வேண்டும். முதல் எண்ணைத் தெரிந்துகொள்ள வீடு வீடாகக் கேட்டாக வேண்டும். வேலைதான், ஆனால் அது இல்லாமல் இரண்டாவது எண் வெறும் ஆசை.

பல் கறை குறைய வேண்டும் என்பதை ஓராண்டு நோக்கமாக வைக்காதீர்கள். படிந்த கறை நல்ல தண்ணீரால் வெளுக்காது. இன்றைய கைக்குழந்தைக்கு ஆறேழு வயதில் நிலைப்பற்கள் முளைக்கும்போதுதான் பலன் கண்ணுக்குத் தெரியும். அதை நெடுங்கால இலக்காக வைத்துக்கொண்டு, இடைப்பட்ட காலத்தில் குழந்தைகளின் சிறுநீரில் புளோரைடு அளவைப் பாருங்கள். தண்ணீரை மாற்றினால் அது விரைவிலேயே இறங்கும்.

குழாயில் தண்ணீர் முறை வைத்து வரும் ஊர்களில், ‘ஏன் கிணற்றுத் தண்ணீரில் சமைக்கிறீர்கள்’ என்று பெண்களுக்கு வகுப்பெடுப்பது வீண். அங்கே நோக்கத்தை நிறைவேற்ற வேண்டியவர்கள் குடிநீர் வாரியமும் ஊராட்சியும். திட்டம் எழுதும் மேசையில் அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள்.

எழுதி முடித்ததைக் கிராம சபையில் ஒருமுறை வாசியுங்கள். முகாம் எண்ணிக்கையை வேண்டுமானால் பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பென்னாகரம் வட்டாரக் குடிமகள் ஒருத்தி