குருத்துப்பூச்சிக்கு அட்டை வந்தது, காலம் போனபின்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்டுமன்னார்கோவில் பக்கம், வீராணம் பாசனத்தில் இரண்டு ஏக்கர் சம்பா நடுகிறவள் நான். போன ஐப்பசியில் நடவு முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். திண்ணை விளக்கில் வைக்கோல் நிறத்தில் அந்துப்பூச்சிகள் வந்து மோதின. முன் இறக்கை ஒவ்வொன்றிலும் மை தொட்டு வைத்தாற்போல் ஒரு கரும்புள்ளி. நெல் குருத்துப்பூச்சியின் பெண் அது. ஆண் பூச்சி இன்னும் சிறியது, பழுப்பு நிறம்.

விடிந்ததும் வயலில் இறங்கினேன். இலை நுனிகளில் பழுப்பு மயிர் போர்த்திய முட்டைக் குவியல்கள். சதுர மீட்டருக்கு இரண்டு குவியல் இருந்தாலே எச்சரிக்கை என்பார்கள். எனக்கு அதற்கு மேலேயே கிடைத்தது. நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நட்டிருந்தால் நாற்றங்காலில் வைத்த முட்டையாவது அங்கேயே ஒழிந்திருக்கும். ஆள் கிடைக்காத அவசரத்தில் அதை விட்டுவிட்டேன்.

அன்றைக்கே வேளாண் அலுவலகம் சென்று டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் முட்டை ஒட்டுண்ணி அட்டை கேட்டேன். பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்து அதை அழிக்கும் பொடிக் குளவி அது; அது வளரும் முட்டைகளை அட்டையில் ஒட்டித் தருவார்கள். நட்ட 30ஆம் நாளும் 37ஆம் நாளும் எக்டேருக்கு 5 சி.சி. (அட்டையில் ஒட்டிய முட்டைகளின் அளவு) கட்டவேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவர்களே, "அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். நான்கு முறை நடந்தேன். அட்டை வந்தபோது நட்டு 55 நாள்.

முட்டை ஒரு வாரத்தில் பொரிந்துவிடும். குஞ்சுப்புழு நூலில் தொங்கி, காற்றில் ஆடிப் பக்கத்துத் தூருக்குப் போய்த் தண்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிடும். பிறகு மேலே எதைத் தெளித்தாலும் அதை எளிதில் எட்டாது. மாறாக, முட்டையை அழிக்க வந்த குளவிதான் சாகும். கடைக்காரர் கொடுத்த மருந்தை நானும் இரண்டு முறை தெளித்தேன், பணம் போனதுதான்.

மார்கழிக் கடைசியில் கதிர் வந்தது. பால் பிடித்த கதிர் தலை சாயும். என் வயலில் அங்கங்கே வெள்ளை வெளேரென்று நிமிர்ந்து நின்றவை, பிடித்து இழுத்தால் கையோடு வந்தன. அடியில் புழு குடைந்த தடம். அறுவடை நாளில் அந்த வெண்கதிர்களைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அட்டையில் இருப்பவை உயிர்கள். குளவி வெளியேறிவிட்டால் அது வெறும் காகிதம். ஆகவே நாற்று விடும்போதே ஊர் ஊராக நடவுத் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப ஒட்டுண்ணி வளர்க்கச் சொல்ல வேண்டும். அட்டை வரும் நாளை ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடட்டும். இந்தச் சம்பாவுக்கு வீராணத்தில் தண்ணீர் திறக்கும் முன்பே இதைச் செய்யுமாறு வேளாண் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெண் விவசாயி,
காட்டுமன்னார்கோவில் வட்டம், கடலூர் மாவட்டம்.