செகாவும் கார்க்கியும் எழுதிக்கொண்டவை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. வெளியே போக முடியாததால் படிப்புக்குக் குறைவில்லை.

இப்போது கையில் இருப்பவை ரஷ்ய எழுத்தாளர்கள் செகாவும் கார்க்கியும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள். 1898 கடைசியில் கார்க்கிதான் முதலில் எழுதுகிறார். நிழ்னி நோவ்கரத்தில் இருந்த அவருக்கு அப்போது 30 வயது. செகாவ் எட்டு வயது மூத்தவர், காசநோய்க்காக யால்டாவில் இருந்தார். தன் கதைகளைப் பற்றிக் கார்க்கி கருத்துக் கேட்க, உங்களிடம் அசலான திறமை இருக்கிறது என்று செகாவ் மனம் திறந்து பாராட்டுகிறார். அப்புறம்தான் குறைக்கு வருகிறார். நாடகம் பார்க்கும்போது சத்தமாக ரசித்து, தானும் கேட்காமல் பிறரையும் கேட்கவிடாத ரசிகனைப் போல எழுதுகிறீர்கள், அடக்கம் போதாது என்கிறார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இன்னும் நுணுக்கமாக ஒன்று சொல்கிறார். 'மனிதன் புல்லில் உட்கார்ந்தான்' என்றால் உடனே புரிகிறது. அவன் உயரம், மார்பு, தாடி, புல்லின் நிறம் எல்லாவற்றையும் அதே வாக்கியத்தில் திணித்தால் மூளை திணறுகிறது, அடைமொழிகளை அடியுங்கள் என்று. எவ்வளவு உரிமை பார்!

கார்க்கி முகம் சுளிக்கவில்லை. 'ஃபோமா கர்தேயெவ்' நாவலை அவருக்கே சமர்ப்பித்தார். 1900 தொடக்கத்தில் செகாவின் 'நாய்க்காரச் சீமாட்டி' கதையைப் படித்துவிட்டு, நீங்கள் யதார்த்தவாதத்தையே கொன்றுகொண்டிருக்கிறீர்கள், இந்தப் பாதையில் உங்களைத் தாண்டி யாரும் போக முடியாது என்று எழுதினார். மற்றவர்கள் எழுதுவது பேனாவால் அல்ல, மரக்கட்டையால் எழுதியதுபோல் இருக்கிறதாம்.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது, செகாவ் கார்க்கிக்கு அல்லாமல் ரஷ்ய அறிவியல் கழகத்துக்கு எழுதிய ஒரு கடிதம். 1902-இல் அந்தக் கழகம் கார்க்கியைக் கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஜார் மன்னருக்குப் பிடிக்கவில்லை. போலீஸ் விசாரணையில் இருப்பவர் என்று காரணம் காட்டி, கழகத்தின் பெயரிலேயே தேர்வை ரத்து செய்தார்கள். அங்கே உறுப்பினராக இருந்த எழுத்தாளர் கொரலேன்கோ தன் பதவியைத் துறந்தார். ஆகஸ்டில் செகாவும் எழுதினார். கார்க்கியை மனமார வாழ்த்தியவனும் நான், உறுப்பினன் என்ற முறையில் அந்தத் தேர்வு செல்லாது என்று அறிவித்தவனும் நான் என்றாகிறது. இந்த முரண்பாட்டை என் மனம் ஏற்கவில்லை, என்னை விடுவியுங்கள் என்று. ஒரு கடுஞ்சொல் கிடையாது. கார்க்கியிடம் கேட்ட அடக்கத்தை அவரே இங்கே செய்து காட்டியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை, 1904 ஜூலையில் ஜெர்மனியில் காலமானார்.

சரி, நீ எழுதி வைத்திருக்கும் கதையை எப்போது அனுப்பப் போகிறாய்? திருத்தி முடிக்கட்டும் என்று காத்திருக்காதே, அடித்தல் திருத்தலோடு அப்படியே அனுப்பு. பிடித்ததையும் பிடிக்காததையும் வரிவரியாக எழுதுகிறேன்.

உன் அன்பு நண்பன்