ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி: எந்த வழியில் என்பதே கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

தலையில் அறுவை சிகிச்சை ஆனவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தா என்று உறவினர்கள் பதறுவது நியாயமே. பக்கவாதத்துக்குத் தருவதுபோல் அல்டிபிளேஸ் என்ற அந்த மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றினால் உடலெங்கும் பரவும். மூளை அறுவைக்குப் பின் 3 மாதம் அதைப் பொதுவாகத் தரக்கூடாது.

மூளையுறைக்கு அடியில் ரத்தக்கட்டி மிச்சமிருந்து, அதை வடிக்க அறுவையின்போது வைத்த குழாயும் அடைத்துக்கொண்டால் நிலைமை வேறு. சிடி ஸ்கேனில் புது ரத்தக் கசிவு இல்லையென்று உறுதிசெய்து, அதே மருந்தை ஓரிரு மில்லிகிராம் மட்டும் குழாய்க்குள் செலுத்தி, சிறிது நேரம் மூடிவைத்துத் திறப்பார்கள். கட்டி கரைந்து வடிந்தால் மண்டையை மறுபடி திறக்க வேண்டியிராது. எல்லோருக்கும் செய்யும் வழக்கமான சிகிச்சை அல்ல இது. வடிவது திடீரெனப் பளிச்சென்று சிவந்தாலோ, நோயாளி மந்தமானாலோ உடனே மறு ஸ்கேன் தேவை. குழாயைத் தொடும் ஒவ்வொரு முறையும் கிருமி நுழையலாம்.

வீடு திரும்பிய முதியவருக்குத் தலைவலி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் ஏற்காட்டில் இருப்போர் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சேலம் வர 20 கொண்டை ஊசி வளைவு இறங்கியாக வேண்டும். உடனே 108-ஐ அழையுங்கள்.

- நரம்பு அறுவைப் பிரிவு செவிலியர்கள், சேலம்