பெல்ட் மாற்றிய தேதியை வண்டியிலேயே எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தங்கச்சிமடத்துக்காரன். சொந்தமாக ஒரு வாடகைக் கார் வைத்து ராமேசுவரம், தனுஷ்கோடி, மதுரை விமான நிலையம் என்று ஓட்டுகிறேன். ஆடி அமாவாசை நெருங்குகிறது. அந்த நான்கைந்து நாட்களில் சவாரிக்குக் குறைவே இருக்காது என்பதால், அதற்குள் எப்படியாவது ஒரு பழைய வண்டியை வாங்கி இறக்கிவிட வேண்டும் என்று எங்கள் பக்கத்துத் தம்பிகள் சிலர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் ஓடினேன். இன்ஜினில் மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றி அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

கடந்த தை அமாவாசைக்கு மறுநாள் நடந்தது இது. காசிக்குப் போகும் முன் சேதுவில் மண் எடுக்க வந்த ஒரு குடும்பம், ஐந்து பேர், என் வண்டியில் இருந்தார்கள். முகுந்தராயர் சத்திரம் தாண்டி அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். முன்பக்கம் ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான், இன்ஜின் நின்றுவிட்டது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கும் இரண்டு மிதிக்குப் பிறகு இறுகிக்கொண்டது. எதிரே வண்டி எதுவும் வராததால் ஓரத்து மணலில் இறக்கி நிறுத்த முடிந்தது. இதே பாம்பன் பாலத்தின் இறக்கத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அப்புறம் நான் செய்தது பெரிய தப்பு. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ‘விர்’ என்று லேசாகச் சுற்றியது. டீசல் வண்டியில் செல்ஃப் அடித்தால் ஒரு திணறல் இருக்கும், அது இல்லவே இல்லை. காற்றும் புகையும் போகும் வழியான வால்வு மூடாமல், இன்ஜினுக்குள் காற்றுப் பிடிப்பு போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கு அப்போது அது தெரியாது. ஐந்தாறு முறை அடித்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற நல்ல மனசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, இரண்டாவது கியரில் மூன்று தரம் தள்ளியும் பார்த்தார்கள். உள்ளே டைமிங் பெல்ட் அறுந்துபோனதால் பிஸ்டன்கள் ஒவ்வொரு தள்ளலுக்கும் வால்வை இடித்துக்கொண்டிருந்தன.

டைமிங் பெல்ட் என்பது கீழே பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்கையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் சேர்த்துக் கட்டும் பல் வைத்த ரப்பர் பட்டை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இன்ஜின் 2,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை திறந்து மூடுகிறது. டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது வால்வுகள் இருக்கும் மேல் பாகமான ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே இடமே இருக்காது. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், திறந்த வால்வு திறந்தபடியே நிற்கும், கீழிருந்து பிஸ்டன் வந்து அடிக்கும். எல்லா இன்ஜினிலும் இப்படி ஆவதில்லை. டீசலில் பெரும்பாலும் ஆகும்.

ரெக்கவரி வண்டியில் ஏற்றி, பாலம் தாண்டி, உச்சிப்புளி பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். டைமிங் கவரைக் கழற்றவே அரை நாள் ஆனது. உப்புக் காற்றில் போல்டெல்லாம் துருவேறி இறுகியிருந்தன. பெல்ட் அறுந்து கிடந்தது. ஒரு பக்கம் எண்ணெய் ஊறி உப்பியிருந்தது. எண்ணெயைத் தடுக்கும் கேம் சீல் கசிந்து பல நாளாக எண்ணெய் இறங்கியிருக்கிறது. “ரப்பருக்கு எண்ணெய்தான் எமன் தம்பி” என்றார் பாய்.

ஹெட்டை இறக்கினோம். நாலு பிஸ்டனின் தலையிலும் பிறை நிலா மாதிரி தழும்பு. பதினாறு வால்வையும் எடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிக் காட்டினார். நேரான வால்வு சீராக உருளும், வளைந்தது தள்ளாடும். பதினொன்று தள்ளாடின. வால்வு ஏறி இறங்கும் குழாயான கைடு மூன்று விரிசல் விட்டிருந்தது. தள்ளியதில்தான் அது விட்டிருக்கும் என்பது பாயின் கணிப்பு. நல்லவேளை, கனெக்டிங் ராடு வளையவில்லை, பிஸ்டனையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஹெட்டைச் சாக்கில் சுற்றி மதுரைக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன். லேத்தில் கைடு மாற்றி, வால்வு உட்காரும் சீட்டை வெட்டி, விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் கொடுத்துப் பார்த்துத் தந்தார்கள். ஊருக்கு வந்ததும் பாய் வால்வு போட்டு, கசிகிறதா என்று பார்க்கக் காற்று வழியில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஹெட்டுக்கு அடியில் வைக்கும் தகடான கேஸ்கெட்டில் தடிமனைக் காட்ட ஓட்டை போட்டிருப்பார்கள். பழையதில் எத்தனை ஓட்டையோ அத்தனை உள்ளதையே வாங்கச் சொன்னார். ஹெட் போல்ட் புதிது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து முறுக்கு. பெல்ட்டோடு அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், அது உருண்டு போகும் ஐட்லர், வாட்டர் பம்ப், சீல்கள் எல்லாம் புதிது. கிராங்க், கேம் சக்கரங்களில் உள்ள குறிகளைச் சேர்த்து பெல்ட் மாட்டிய பிறகும் அவர் செல்ஃப் அடிக்க விடவில்லை. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினார். எங்கும் இடிக்கவில்லை, குறிகள் திரும்பச் சரியாக வந்து நின்றன. அதற்குப் பிறகுதான் சாவியைக் கையில் கொடுத்தார்.

பத்தொன்பது நாள் வண்டி நின்றது. எல்லாம் சேர்த்து 71,000 ரூபாய். அந்த மாத டியூவுக்கு வீட்டில் நகை அடகுக்குப் போனது. இன்சூரன்ஸில் கேட்டேன். சாதாரண பாலிசியில் விபத்துக்குத்தான் பணம், இன்ஜின் தானாகப் பழுதானால் கிடையாது. காலாகாலத்தில் பெல்ட்டையும் கூடச் சேர்ந்ததையும் மாற்றியிருந்தால் பதினோராயிரத்தில் முடிந்திருக்கும்.

ஏன் மாற்றவில்லை? வாங்கும்போது மீட்டரில் 98,000 கிலோமீட்டர் இருந்தது. இன்னும் காலம் இருக்கிறது என்று நம்பினேன். வேலை முடிகிற அன்று ஏர் ஃபில்டர் பெட்டியைத் துடைத்தபோது அழுக்குக்கு அடியில் பழைய ஆயில் சர்வீஸ் சீட்டு ஒன்று தெரிந்தது. நான் வாங்கியதற்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அதில் எழுதியிருந்தது 1,61,000. மீட்டரை யாரோ குறைத்திருக்கிறார்கள். விற்றவரோ, அவருக்கு முன் வைத்திருந்தவரோ, எனக்குத் தெரியாது. தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்சிக்குப் போனால் பிரேக், லைட், புகை எல்லாம் பார்ப்பார்கள். மூடிக்குள் இருக்கும் பெல்ட்டை அங்கே யாரும் கழற்றிப் பார்க்க முடியாது.

மீட்டர் சரியாகவே இருந்தாலும் எங்கள் ஊருக்கு அது போதாது. அரிச்சல்முனையில் வெயிலுக்கு ஏசி போட்டு இன்ஜினை ஓடவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கிறோம். சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தாலும், மணிக்கு 48,000 சுற்று பெல்ட் உழைக்கிறது. மீட்டரில் ஒரு கிலோமீட்டர் கூட ஏறாது. அதனால் வண்டியின் கையேட்டுப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரோடு வருடக் கணக்கையும் பாருங்கள், எது முதலில் வருகிறதோ அதற்கு மாற்றிவிடுங்கள்.

மாருதி 800, பழைய சான்ட்ரோ, 2016 வரை வந்த டீசல் இன்னோவா எல்லாம் பெல்ட். 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட், டிசைரில் பெல்ட்டுக்குப் பதில் செயின். வாங்கப் போகும் வண்டி எது என்று முதலில் கேளுங்கள். பெல்ட் என்றால் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, முதல் சவாரிக்கு முன் மாற்றுங்கள். அந்தப் பதினோராயிரத்தை விலையிலேயே குறைத்துப் பேசுங்கள். வழியில் இன்ஜின் திடீரென்று நின்று, செல்ஃப் லேசாகச் சுற்றினால் தயவுசெய்து தள்ளாதீர்கள்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். பெல்ட் மாற்றினால் தேதியையும் கிலோமீட்டரையும் டைமிங் கவர் மேல் பெயிண்டால் எழுதிவிடுங்கள். பில் தொலையும், வண்டி கைமாறும், மீட்டரைக் குறைப்பார்கள். கவர் மேல் எழுதியது அடுத்து வாங்குகிறவனுக்குக் கிடைக்கும். என் வண்டியில் பாய் வெள்ளைப் பெயிண்டில் எழுதித் தந்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தை ஆடி அமாவாசைக்கு முன்பே வெளியிட வேண்டுகிறேன். அதற்குப் பின் வந்தால் இந்த வருடம் வாங்கப்போகும் தம்பிகளுக்கு உதவாது.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.