மேட்டில் மூச்சு வாங்கும் மாருதி

நாகர்கோவில்,
ஆடி முதல் வாரம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. மழை கொஞ்சம் விட்டு, குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டு மறுபடியும் தொடங்கியதில் சந்தோஷம். மைனிக்கு முட்டுவலி குறைந்ததா? இங்கே எல்லோரும் சுகம்.

உன் மாருதி கார் மேட்டில் திணறுகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். “போர் தேய்ஞ்சு போச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்” என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதற்கு நீ இன்னும் சம்மதம் சொல்லவில்லையே, அது நல்லது. போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்த வண்டி ஆயில் குடிக்கும், சைலன்சரில் நீலப் புகை வரும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளும். உன் வண்டியில் இவை எதுவும் இல்லை. காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் ஓடுவது) சீராக நிற்கிறது. பேச்சிப்பாறை ரோட்டில் மேடு ஏறி ஒரு கிலோமீட்டர் போனபிறகுதான் திணறுகிறது. ஓரமாக ஐந்து நிமிடம் நிறுத்தினால் திரும்பவும் ஏறுகிறது. மக்கா, இது பெட்ரோல் போதாத கோளாறு.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், கணக்கைப் பார். 796 சிசி எஞ்சின் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து மில்லி பெட்ரோல்தான் எரிக்கும். ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்து மேடு ஏறும்போது அதுவே 150 மில்லியைத் தாண்டும். பத்து மடங்கு! பாதி அடைத்த பெட்ரோல் பில்டர் வழியாகக்கூட ஐடிலிங்குக்கு வேண்டியது வந்துவிடும். மேட்டில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் தீரும் வரை இழுக்கும், பிறகு திணறும். வண்டியை நிறுத்தினால் கிண்ணம் மெதுவாக நிறையும், திரும்பவும் கொஞ்ச தூரம் ஓடும். அதனால் “ஐடிலிங் நன்றாக இருக்கிறதே” என்று பெட்ரோல் பக்கத்தை விட்டுவிடக் கூடாது.

முதலில் காசு செலவில்லாத சோதனை. அடுத்த முறை திணறியதும் டாங்க் மூடியைத் திற. ‘புஸ்’ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்தி வைத்து அதே மேட்டில் ஒருமுறை ஏறிப்பார், நேராக ஏறினால் புது மூடி வாங்கினால் போதும்.

அது இல்லையென்றால் பில்டர். எஞ்சின் பக்கத்து வெள்ளை பிளாஸ்டிக் பில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார். உள்ளே செம்பழுப்புத் தூள் தெரிந்தால் அது டாங்க்கின் துரு. இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. பழைய டாங்க்கில் ஒட்டியிருந்த பசையையும் துருவையும் அது இளக்கிவிடும், ரப்பர் ஹோஸையும் கெடுக்கும். ஈரத்தையும் இழுக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, உன் வண்டியோ வாரக்கணக்கில் ஷெட்டில் கிடக்கிறது. கண்ணாடி பாட்டிலில் 100 மில்லி எடுத்து அரைமணி நேரம் அசையாமல் வை. அடியில் தனிப் படலம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, டாங்க்கை இறக்கிக் கழுவாமல் வேறு வழியில்லை.

பில்டர் மாற்றியும் சரியாகவில்லையென்றால் பெட்ரோல் பம்பு. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலின் வயரைக் கழற்றிவிடு. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை பாட்டிலுக்குள் விட்டு, தம்பியை செல்ஃப் அடிக்கச் சொல். ஒவ்வொரு துடிப்புக்கும் பளிச் பளிச்சென்று பீச்ச வேண்டும். நூல்போல ஒழுகினாலோ நுரைத்துக் குமிழி வந்தாலோ கோளாறு அங்கேதான். குமிழி வந்தால் உடனே பம்பை மாற்றிவிடாதே. டாங்க்கிலிருந்து பம்பு வரை பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்த வழியில் ஹோஸ் வெடித்திருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டவே வேண்டாம், காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத இந்த வெடிப்பினால் எத்தனையோ நல்ல பம்புகள் குப்பைக்குப் போகின்றன. ஹோஸை மடக்கிப் பார், வளைவில் நெல்லிக்காய்க் கோடு மாதிரி கீறல் தெரிந்தால் மாற்று.

இன்னொன்று எழுதியிருந்தாயே, வள்ளியூர் போகும்போது வண்டி பறக்கிறது, திரும்பும்போது இழுக்கவில்லை என்று. அதை இந்தக் கோளாறோடு சேர்க்காதே, அது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று திரும்பி வரும்போது உன் முகத்துக்கு நேரே அடிக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், காற்றின் தடை இரண்டேகால் மடங்காகும். சுமார் 40 குதிரைசக்தி உள்ள வண்டிக்கு அது பெரிய பாரம். ஆடி மாதத்தில் அந்த ரோட்டை வைத்து எஞ்சினின் இழுவையை எடைபோட முடியாது.

பெட்ரோல் வழி சுத்தமாக இருந்தும் திணறினால் மற்றதைப் பார்க்கலாம். எஞ்சின் ஓடாதபோது ஆக்ஸிலேட்டரை ஒருவர் முழுசாக மிதிக்க, ஏர் பில்டரைக் கழற்றிக் கார்புரேட்டர் தொண்டைக்குள் பார். கீழே உள்ள தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். பெடலுக்கு அடியில் கயிற்றுப்பாய் மடங்கிக் கிடந்தால் அது நிற்காது, பலருக்கு இவ்வளவுதான் கோளாறு. பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்வம் ஹோஸை வாயால் உறிஞ்சு. உள்ளே தட்டு நகர்ந்து, நாக்கால் அடைத்ததும் அப்படியே பிடித்து நிற்க வேண்டும். நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்; உப்புக்காற்றில் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்தால் பின்சக்கரம் லேசாகப் பிடித்தபடியே ஓடும். கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. அதை உன் காதே சொல்லும்.

கடைசியாகத்தான் காம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம். மூன்று பிளக்கையும் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தம் காட்டும் கேஜை வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்து, ஐந்தாறு சுற்று செல்ஃப் அடிக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் குறைந்தால் எஞ்சின் தலைக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட். மூன்றும் ஒரேயளவு குறைந்தால், வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கும் டைமிங் பெல்ட் பல் தாவியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கேஜில் அளவு பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்க யாருக்கும் நீ கைகாட்டக் கூடாது, கேட்டியா?

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லையென்றால் காம்ப்ரஷன் கேஜோடு வருகிறேன். அதற்குள் மூடி, பில்டர் இரண்டையும் பார்த்து எழுது. பிளக்குகளைக் கழற்றினால் துடைக்காதே, முனையின் நிறத்தை நான் பார்க்க வேண்டும். டாங்க்கில் ஐந்து லிட்டருக்குமேல் பெட்ரோல் போட வேண்டாம். ஒருவேளை இறக்க வேண்டி வந்தால் பாரமாக இருக்கும்.

அன்புடன்,
ராஜன்