பக்கத்து மனையின் பத்திரத்தைப் பார்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. நீ அனுப்பிய படநகலை மேசைமேல் வைத்துக்கொண்டு தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதோ எரிந்துபோன ஒரு நாடக அரங்கம், வாசலில் கோட்டு போட்ட நான்கு பேர், ஓரத்தில் ஒரு விளக்குக் கம்பம். இதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கிளம்பியிருக்கிறாயே! விடுதியிலிருந்து ரயில் நிலையத்துக்குக் குறுக்குவழி என்று சொல்லி எங்களை ஒரு மணி நேரம் சுற்றவிட்டவன் நீதான் என்பதை நான் மறக்கவில்லை. சரி, பணி ஓய்வு ஆளை என்னவெல்லாம் செய்கிறது.

என் பக்கச் செய்தி அதிகமில்லை. முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் முறைக்கிறது. கண்ணாடி மாற்றியிருக்கிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

இனி உன் விஷயம். அரங்கம் இருந்தது இப்போதைய கார் நிறுத்துமிடத்தில் என்கிறாய். அந்தத் தெருப் பெரியவரோ வங்கி நிற்கும் இடம்தான் என்று அடித்துச் சொல்கிறார். இரண்டு பேரையும் நான் நம்பவில்லை, கோபப்படாதே. நீங்கள் இருவருமே கட்டடத்தைத் தேடுகிறீர்கள். அதுதான் போய்விட்டதே! அதைத் தொட்டுக்கொண்டு என்னென்ன இருந்தன, அவற்றில் எது இன்னும் மிச்சம் என்று தேடு.

பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவார்கள் அல்லவா? கிழக்கே இன்னார் மனை, மேற்கே தெரு என்று. அரங்கத்தின் பத்திரம் எரிந்திருக்கலாம், தொலைந்திருக்கலாம். பக்கத்து மனைக்காரர் தன் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருப்பார். அதில் ‘இதற்கு வடக்கே நாடக அரங்கம்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், உன் வேலை பாதி முடிந்தது. அந்த மனை பின்னால் எத்தனை கை மாறினாலும் அளவுகள் பெரும்பாலும் அப்படியே நகலெடுக்கப்பட்டு வரும்.

ஆனால் எழுதியவர் திசையைச் சரியாகத்தான் எழுதினாரா என்றும் கேட்க வேண்டும். லண்டனில் ஷேக்ஸ்பியரின் குழு நடித்த குளோப் அரங்கத்தின் கதையே இதுதான். 1599-ல் கட்டினார்கள். 1613-ல் நாடகத்தின் நடுவே பீரங்கி வெடித்ததில் ஓலைக்கூரை பற்றி எரிந்தது. அடுத்த ஆண்டே திரும்பக் கட்டி, 1640-களில் இடித்துவிட்டார்கள். அப்புறம் அந்தப் பகுதியில் மதுபான ஆலை வந்தது, இடம் மறந்துபோயிற்று. 1909-ல் ஆலைச் சுவரில் ஒரு நினைவுப்பலகை பதித்தார்கள். அதே காலத்தில்தான் ஒரு பழைய வழக்கின் ஆவணம் ஆராய்ச்சியாளர் ஒருவர் கையில் கிடைத்தது. அதில் குத்தகை நிலத்தின் எல்லைகள் தெளிவாக இருந்தன: வடக்கே பூங்கா, தெற்கே மெய்டன் லேன் என்ற சந்து. அப்படியென்றால் அரங்கம் சந்துக்கு வடக்கே. பலகையோ சந்துக்குத் தெற்கே. விடுவார்களா? பெரிய சண்டை. 1920-களில் பிரெய்ன்ஸ் என்பவர் சுற்றிலும் உள்ள மனைகளின் பத்திரங்களைப் பொறுமையாக ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ஆவணம் எழுதியவர் வடக்கையும் தெற்கையும் மாற்றி எழுதிவிட்டார், அரங்கம் தெற்கேதான் என்று காட்டினார். 1989 அக்டோபரில் தோண்டியபோது அடித்தளத்தின் ஒரு பகுதி அகப்பட்டது. தெற்குப் பக்கத்தில்தான்! முழுதாகத் தோண்ட முடியவில்லை. மேலே நிற்கும் ஆங்கர் டெரஸ் என்ற வரிசைக் கட்டடமே பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம். ஒன்றைப் பார்க்க இன்னொன்றை இடிக்க முடியுமா?

அதே அரங்கத்தைப் பற்றி இன்னொன்று. ஹோலர் என்ற ஓவியர் 1647-ல் வெளியிட்ட லண்டன் காட்சிப்படம் அவ்வளவு நுணுக்கமானது. ஆனால் அதில் குளோப் அரங்கத்தின் பெயர் பக்கத்திலிருந்த கரடிச்சண்டைக் கொட்டகை மேலும், கொட்டகையின் பெயர் குளோப் மேலும் விழுந்திருக்கிறது. கட்டடங்களை ஒழுங்காக வரைந்தவர் பெயரில் கோட்டைவிட்டார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நானும் இடவலத்தில் ஏமாந்தவன். முன்பு ஒருமுறை ஒரு பழைய தபால் நிலையம் இருந்த இடத்தைத் தேடினேன் என்று சொல்லியிருக்கிறேன், எப்படித் தோற்றேன் என்று சொல்லவில்லை. கையில் நல்ல தெளிவான படம் இருந்தது. இரண்டு மாதம் தெருவின் தவறான பக்கத்தில் நின்று, கல்லையும் சுவரையும் தடவிக்கொண்டிருந்தேன். கடைசியில் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, படத்திலிருந்த பெயர்ப்பலகையில் எழுத்துகள் தலைகீழ் இல்லை, இடவலம் மாறி நிற்கின்றன. கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வைத்து யாரோ அச்சடித்துவிட்டார்கள். வெள்ளி பூசிய தகட்டில் நேரடியாகப் பதித்த அந்தக் காலத்து டாகரோடைப் படங்கள் என்றால் இயல்பிலேயே கண்ணாடி பிம்பம் போல மாறித்தான் இருக்கும். உன் படத்தில் எழுத்து எதுவும் இல்லை. ஆனால் அந்த நான்கு பேர் இருக்கிறார்களே! ஆண்களின் கோட்டில் பித்தான் அணிபவரின் வலப்பக்கம் இருக்கும். நான்கு பேருக்கும் இடப்பக்கம் இருந்தால், படத்தைத் திருப்பிப் பார். என் நகலில் அந்த இடம் மங்கல், மூலப்படம் உன்னிடம்தான் இருக்கிறது.

படத்திலிருந்து இன்னும் கறக்கலாம். இன்றும் நிற்கிற இரண்டு பொருள்கள் படத்தில் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டித் தெரிந்தால், படமெடுத்தவர் அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டின் நீட்சியில்தான் நின்றிருக்கிறார். அப்படி இன்னொரு ஜோடி அகப்பட்டால் இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் கேமரா. அங்கே போய் நில், மற்றது கண்ணுக்கே தெரியும்.

பெரியவர் விஷயத்தில் ஒரு வார்த்தை. ‘எத்தனை அடி தூரம்’, ‘எந்த வருஷம்’ என்று அவரிடம் கேட்காதே. இரண்டும் நினைவில் நழுவுகிறவை. வாசலில் நின்றால் எதிரே என்ன தெரியும், நாடகம் முடிந்து கூட்டம் எந்தப் பக்கமாக வெளியேறும் என்று கேள். கால்கள் நடந்த வழியை மனம் சுலபத்தில் மறக்காது.

வழி என்றதும் இன்றைய துருக்கியிலுள்ள எபேசஸ் என்ற பழைய கிரேக்க நகரம் நினைவுக்கு வருகிறது. ஆர்ட்டெமிஸ் கோயில், ஏழு உலக அதிசயங்களில் ஒன்று. அவ்வளவு பெரிய கோயில் எங்கே இருந்தது என்றே தெரியாமல் போயிருந்தது! ரயில் நிலையங்களுக்கு வரைபடம் போட வந்த ஜான் டர்ட்டில் வுட் என்ற ஆங்கிலேயர் 1863-ல் தேட ஆரம்பித்தார். குழி மேல் குழி, ஒன்றும் இல்லை. பிறகு அவ்வூர்த் திறந்தவெளி அரங்கில் ஒரு நீண்ட கல்வெட்டு கிடைத்தது. கோயிலின் பொன், வெள்ளிச் சிலைகளை விழா நாட்களில் மெக்னீசிய வாசல் வழியாக ஊருக்குள் எடுத்து வந்து, கொரேசிய வாசல் வழியாகத் திருப்பிக்கொண்டுபோக வேண்டும் என்று அதில் இருந்தது. வுட் கோயிலைத் தேடுவதை நிறுத்திவிட்டு வாசலைத் தேடினார். மெக்னீசிய வாசலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து போகும் பழைய சாலையின் கல்தளத்தைப் பிடித்துக்கொண்டே தோண்டிப் போனார். 1869-ல் கோயில் வளாகத்தின் மதில், அந்த ஆண்டின் கடைசி நாளில் கோயிலின் தரை. மண்ணுக்குக் கீழே சுமார் 20 அடி ஆழத்தில் கிடந்தது. எனக்கு இதைவிடப் பிடித்த துப்பறியும் கதை இல்லை.

தெருவுக்கு ஆயுள் அதிகம், அவ்வளவுதான். ரோமில் நவோனா சதுக்கம் நீண்டு ஒருமுனை வளைந்திருப்பது ரோமப் பேரரசர் டொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய அரங்கின் வடிவம்தான். பார்வையாளர் படிக்கட்டுகள் இருந்த இடத்தில் வீடுகள். லூக்கா என்ற ஊரில் ஒரு சதுக்கம் முட்டை வடிவில் இருக்கிறது, அது பழைய வட்டரங்கின் உட்பக்கம். ஆகவே உன் ஊரில் காரணமே இல்லாமல் ஒரு சந்து வளைந்தால், ஒரு சுவர் மட்டும் மற்றவற்றுக்கு இணையாக இல்லாமல் கோணிக்கொண்டு நின்றால், அதை அலட்சியமாகக் கடந்து போகாதே.

பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்துவது பற்றிக் கேட்டிருந்தாய். கியூஜிஸ் போன்ற இலவச மென்பொருளே போதும். சாலைகளின் விளிம்பை ஆதாரப் புள்ளியாக எடுக்காதே, அகலப்படுத்தியிருப்பார்கள். இடிபடாத பழைய கட்டடங்களின் மூலைகளை எடு. தீக்காப்பீட்டுக்காக வரைந்த வரைபடம் கிடைத்தால் நீ அதிர்ஷ்டக்காரன். அமெரிக்க நகரங்களுக்கு சான்போர்ன் நிறுவனம் வரைந்தவற்றில் செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரத்துக்கு மஞ்சள், கல்லுக்கு நீலம் என்று நிறமே சொல்லிவிடும். கதவு எண்ணை மட்டும் நம்பாதே, எண்களை அடிக்கடி மாற்றி எழுதுவார்கள்.

கோடையில் இன்னொரு வேலை. வங்கிக்குப் பின்னால் புல்வெளி இருப்பதாக எழுதியிருந்தாயே? மழை பொய்க்கும் வருஷம், புதைந்த சுவருக்கு மேலிருக்கும் புல் மற்றதற்கு முன்னால் பழுக்கும். மேல்மண் ஆழம் குறைவு, ஈரம் நிற்காது. 2018 வறட்சியில் பிரிட்டன் முழுக்க இப்படி வயல்களில் பழைய சுவர்க்கோடுகள் தெரிந்தன. மாடியிலிருந்து படமெடு.

கற்கள் எங்கே போயின என்றும் விசாரி. 1789-ல் பாஸ்டீல் கோட்டையை இடித்த கற்களில் ஒரு பகுதி பாரிஸில் கான்கார்ட் பாலத்துக்குப் போயிற்று. கோட்டையின் ஒரு கோபுர அடித்தளம் 1899-ல் மெட்ரோ தோண்டும்போது வெளியே வந்தது, அதைப் பெயர்த்துக் கொஞ்ச தூரத்தில் ஒரு பூங்காவில் வைத்திருக்கிறார்கள். அங்கே போகிறவர்களில் பலர் கோட்டை நின்றது அந்தப் பூங்காவில்தான் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது என் சந்தேகம்! உன் அரங்கத்தின் தூண் ஒன்று எங்காவது நின்றால் அவசரப்பட்டு அங்கேயே முளை அடிக்காதே.

சரி, பக்கம் தீர்ந்துவிட்டது. முதலில் கோட்டுப் பித்தானைப் பார். அப்புறம், நீ அனுப்பிய செய்தித்தாள் துண்டில் அரங்கம் மேற்கு நோக்கியது என்று இருக்கிறது, படத்தில் முகப்பு முழுக்க வெயில். அப்படியானால் அது மாலை நேரமாக இருக்க வேண்டும். விளக்குக் கம்பத்தின் நிழல் கட்டடத்தை நோக்கி விழுகிறதா, தெருவை நோக்கியா என்று பார்த்து உடனே எழுது.

உன் பழைய அறைத்தோழன்