மாயன் எழுத்தின் கதை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே எல்லோரும் சௌக்கியம். ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்கு வாசிப்பே வேலை. இப்போது மத்திய அமெரிக்காவில் பெரிய நகரங்கள் கட்டிய மாயன் ஜனங்களின் வரலாற்றில் விழுந்து கிடக்கிறேன்.

"அந்த ஜனங்கள் எங்கேதான் மறைந்து போனார்கள்?" என்று கேட்டிருந்தாய். மறையவே இல்லையப்பா. 9ஆம் நூற்றாண்டில் திக்கால், கோப்பான், பலேங்கே போன்ற தெற்கு நகரங்கள் வறட்சியாலும் ஓயாத சண்டையாலும் ஒவ்வொன்றாகக் காலியாயின என்பது உண்மைதான். ஆனால் வடக்கே யுகதான் தீபகற்பத்தில் ஊர்கள் செழித்தன. அவர்களுடைய கடைசி அரசு ஸ்பானியரிடம் விழுந்ததே 1697இல். இன்றும் குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் பல லட்சம் பேர் மாயன் மொழிகளைப் பேசுகிறார்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது அவர்கள் எழுத்தின் கதை. தியேகோ தெ லந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1562 ஜூலையில், மானி என்ற ஊரில், கைக்குக் கிடைத்த சுவடிகளையெல்லாம் சாத்தானின் வேலை என்று கொளுத்தினார். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை நாலே நாலு. வயிறு எரிகிறது. ஆனால் வேடிக்கையைக் கேள்: அதே மனிதர் பிறகு ஸ்பெயினில் இருந்தபோது எழுதிய நூலில் மாயன் எழுத்து வரிசை என்று ஒன்றைக் குறித்து வைத்தார். எழுதத் தெரிந்த மாயன் ஒருவரிடம் ஸ்பானிய எழுத்துகளின் பெயர்களைச் சொல்லி எழுதி வாங்கியது அது. "பே" என்றதும் அந்த ஆள் ஒரு காலடித் தடத்தை வரைந்தார், அவர் மொழியில் பே என்றால் பாதை. சும்மா ஒரு வாக்கியம் எழுதச் சொன்னதற்கு, "எனக்கு இஷ்டமில்லை" என்று எழுதிக் கொடுத்தாராம்! எத்தனை மணி நேரம் படுத்தினாரோ பாதிரியார்.

அந்தக் குறிகள் நம் உயிர்மெய் மாதிரி என்று 1952இல் நிரூபித்தவர் லெனின்கிராடில் இருந்த ஆராய்ச்சியாளர் யூரி நோரசோவ். சுவடியில் வான்கோழி படத்துக்கு மேலே இரண்டு குறிகள். முதலாவது லந்தா தந்த "கு". வான்கோழி அவர்கள் மொழியில் "குட்ஸ்". அப்படியானால் அடுத்தது "ட்ஸு"வாக இருக்க வேண்டும், கடைசி உகரம் வாயில் ஒலிக்காது. நாய் படத்துக்குப் போனார். அங்கே அதே "ட்ஸு" முதலில், லந்தாவின் "லு" அடுத்து. "ட்ஸுல்", அதாவது நாய். அவ்வளவுதான், பூட்டு திறந்துவிட்டது. மேற்கில் மாயன் ஆராய்ச்சியின் பெரிய தலையான எரிக் தாம்சன் சாகும்வரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. கல்வெட்டுகளில் நாள்கணக்கும் சாமி கதையும்தான் இருக்கின்றன என்பது அவர் கட்சி. அதை 1960இல் உடைத்தவர் தத்தியானா ப்ரொஸ்கூரியாகோஃப் என்ற அம்மையார். பியேத்ராஸ் நெக்ராஸ் என்ற மாயன் நகரத்துக் கற்களில் உள்ள தேதிகள் ராஜாக்களின் பிறப்பும் பட்டமேற்பும் என்று காட்டிவிட்டார்.

பலேங்கேயின் ராஜா பக்கால் 12 வயதில் பட்டமேறி 683 வரை ஆண்டவர். அவர் கல்லறையை, முகத்தில் பச்சைக்கல் முகமூடியோடு, தொல்லியலாளர் ஆல்பெர்த்தோ ரூஸ் திறந்ததும் அதே 1952இல்தான். உள்ளே கிடப்பது யார் என்று பெயர் படிக்க அன்றைக்கு ஆளில்லை!

சரி, உன் வீட்டு மாடி வேலை முடிந்ததா? தை மாதம் நானும் கமலாவும் அந்தப் பக்கம் வருகிறோம். ஊரில் இருப்பாயா என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
ராமு